கையைக் காட்டாத கேமரா

அன்புள்ள ஐயா,

2025 பிப்ரவரி 3, திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குத் தொடங்கிய, அமெரிக்காவின் கிராமி இசை விருது விழாவின் ஒளிபரப்பை முழுவதுமாகப் பார்த்தேன். சென்ற ஆண்டு ஒரே நாளில் மூன்று கிராமி விருதுகளைப் பெற்ற தபேலாக் கலைஞர் ஜாகிர் உசேன் டிசம்பரில் காலமானார் அல்லவா? மறைந்த இசைக்கலைஞர்களை நினைவுகூரும் பகுதியில் அவர் படம் வரும் என்று, மிருதங்கம் கற்றுக்கொண்டிருக்கும் என் மகளையும் எழுப்பிப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தேன். படம் வரவே இல்லை. சென்னையில் பிறந்த சந்திரிகா டாண்டன் விருது பெற்றதாகப் பிறகு செய்தியில் படித்தேன், அதையும் காட்டவில்லை. மூன்றரை மணி நேரமும் ஆட்டமும் புகையும் வண்ண விளக்கும்தான். இவர்கள் மேடையில் உண்மையிலேயே பாடுகிறார்களா, வாயசைக்கிறார்களா என்றே தெரியவில்லை.

நம்மைப் பொருட்படுத்தாத ஒரு விருதை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? நண்பர்கள் சேர்ந்து விழாக்குழுவுக்கு ஒரு கண்டனக் கடிதம் அனுப்பவிருக்கிறோம். நீங்களும் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
த.

அன்புள்ள த.,

மகளை எழுப்பிப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன் என்று நீங்கள் எழுதியிருந்த வரியைப் படித்தபோது உங்கள்மீது பெரும் பிரியம் உண்டானது. ஒரு தபேலாக் கலைஞருக்கு மரியாதை செய்வதற்காகப் பள்ளி நாளில் ஒரு குழந்தையை அந்த நேரத்தில் எழுப்பும் தகப்பன்மார் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அடுத்த பத்தியைப் படித்ததும் அந்தப் பிரியத்தில் பாதி போய்விட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜாகிர் உசேனை விட்டது பிழை. முந்தைய ஆண்டில்தான் மூன்று விருதுகளைக் கொடுத்து அனுப்பிய ஒரு கலைஞரை அடுத்த ஆண்டு அஞ்சலியில் விட்டுவிடுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. உங்கள் கோபம் நியாயமானது. இதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

சந்திரிகா டாண்டனைக் காட்டவில்லை என்பது வேறு விஷயம். இந்த ஆண்டு விழாவில் 94 பிரிவுகளில் விருது கொடுத்தார்கள். அங்கே மாலையில் நடப்பதை நம் காலையில் தொலைக்காட்சியில் நீங்கள் பார்ப்பது அவற்றில் பத்தை ஒட்டிய எண்ணிக்கைதான். மற்ற எல்லாவற்றையும் அன்று பிற்பகலே, பக்கத்திலுள்ள ஓர் அரங்கில், வேறொரு விழாவாக நடத்தி முடித்துவிடுகிறார்கள். இணையத்தில் அது இலவசமாகவே ஒளிபரப்பாகிறது, நம் நேரத்துக்கு இரவு இரண்டு மணி. மேற்கத்திய செவ்விசைக்காரர்களும் ஜாஸ் கலைஞர்களும் பெரும்பாலும் அந்தப் பிற்பகல் கூட்டத்தில்தான் விருது வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஜாகிர் உசேன் சென்ற ஆண்டு வாங்கிய மூன்றும் அங்கே வாங்கியவைதான். சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிரா செல்வகணேஷ் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவுக்காக ஒன்று. பேலா ஃப்ளெக்கின் பாஞ்சோ, எட்கர் மேயரின் டபுள் பாஸ், ராகேஷ் சௌராசியாவின் புல்லாங்குழல் ஆகியவற்றோடு சேர்ந்து வாசித்ததற்காக இரண்டு. அந்த இரவு இரண்டு மணிக்கு நீங்கள் விழித்திருந்தீர்களா? இருந்திருந்தால் உங்கள் கடிதத்தில் அது வந்திருக்கும்.

‘நம்மை’ ஒதுக்குகிறார்கள் என்று முடிவுகட்டுவதற்கு முன் 1989ஆம் ஆண்டு விழாவையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ராப் இசைக்கு முதன்முதலாக விருது அறிவித்தது அந்த ஆண்டுதான். அதையும் தொலைக்காட்சி நேரத்தில் கொடுக்க மாட்டோம் என்றார்கள். அமெரிக்க நகரங்களின் தெருவெங்கும் கேட்ட இசை அது. விருதுக்குரியவர்களாக இருந்த டிஜே ஜாஸி ஜெஃப், வில் ஸ்மித் இணை விழாவையே புறக்கணித்தது. அதே மேடையில் பாட வந்த அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ’கானர், தலையின் ஒரு பக்கத்தில் ‘பப்ளிக் எனிமி’ என்ற ராப் குழுவின் சின்னத்தை வரைந்துகொண்டு வந்து நின்றார். கண்டனம் என்றால் அது கண்டனம். தன்னுடைய இசையாக இல்லாத ஓர் இசைக்காக, தன்னுடைய வாய்ப்பைப் பணயம் வைத்துச் செய்தது.

வாயசைக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலர் செய்வதுண்டு. 1990இல் சிறந்த புதுமுகத்துக்கான விருதை வாங்கிய மில்லி வனில்லி இருவரும் தங்கள் இசைத்தட்டில் ஒரு வரிகூடப் பாடியவர்கள் அல்லர் என்பது அதே ஆண்டு நவம்பரில் தெரியவந்து, விருது அவர்களிடமிருந்து திரும்பப் பெறப்பட்டது. இதைப் பேசுவதில் எனக்கு ஆர்வமில்லை. இந்த ஆண்டு டோச்சீ என்ற அந்த ராப் பாடகி அத்தனை நடனக்காரர்களுக்கு நடுவே ஆடிக்கொண்டே சொற்களை அடுக்கியபோது எங்கே மூச்சு எடுத்தாள் என்று கவனித்தீர்களா? தாளம் படிக்கும் ஒரு குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துவிட்டு ‘ஆட்டமும் புகையும்’ என்று எழுதுவதற்கு உங்களுக்கு எப்படி மனம் வந்தது? மறைந்த இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸுக்கான அஞ்சலியில் பாடகர் ஸ்டீவி வொண்டர் மேடைக்கு வந்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? ஒரேயொரு படத்துக்காகக் காத்திருக்கிறவர் மற்ற எதையும் பார்ப்பதில்லை.

நான் சில நாட்களாக எண்ணிக்கொண்டிருந்தது வேறொன்று. உங்கள் கடிதம் அதைத் தொட்டதால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

என் பெரியப்பா ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்கர். கோயில் உற்சவங்களில் மிருதங்கம் வாசிப்பார். வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில், கச்சேரி ஒளிபரப்பும் நாட்களில் மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்துகொள்வார். பாட்டு முடிந்து, மிருதங்கம் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும். சரியாக அந்த நேரத்தில் கேமரா மிருதங்கத்தைவிட்டுக் கிளம்பிவிடும். தம்புராவைக் காட்டும், மேடையின் பின்னால் தொங்கும் திரையைக் காட்டும், பார்வையாளர் வரிசையில் தொடையில் தப்பாகத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் ஓர் அம்மாளிடம் போய் நிலைத்து நின்றுவிடும். “கையைக் காட்டுடா, கையை!” என்று பெரியப்பா கத்துவார். யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர் அவர். கேமரா ஒருவழியாகத் திரும்பி வரும்போது தனியை முடித்துவைக்கும் கோர்வையும் முடிந்து, வித்வான் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

சுட்டுவிரல் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நடுவிலுள்ள கறுப்புக் கரணையில் விழுகிறதா, ஓரத் தோலான மீட்டில் விழுகிறதா, குமுறும் ஒலியான கும்கி கொடுக்கும்போது மணிக்கட்டு இடப்பக்கமான தொப்பியின்மீது எவ்வளவு அழுந்துகிறது என்பவை அவர் தெரிந்துகொள்ள விரும்பியவை. கண்ணால் பார்த்தால் ஒரு நொடியில் புரிந்துவிடும். காதால் மட்டும் கேட்டுப் பிடிப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். சிறிய ஊரில் இருந்துகொண்டு, பெரிய வித்வான்களின் அருகே உட்காரும் வாய்ப்பே இல்லாத ஒருவருக்குத் தொலைக்காட்சி கொடுத்திருக்கக்கூடிய ஒரே பெரிய செல்வம் அதுதான். அதை மட்டும் அது கொடுக்கவில்லை.

இது ஏதோ நம்மூர் ஒளிப்பதிவாளரின் கவனக்குறைவு என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உலகத்திலேயே அதிகச் செலவில் எடுக்கப்படும் இசை நிகழ்ச்சிகளில் ஒன்றான கிராமி விழாவிலும் கதை இதுவேதான். அங்கே திட்டமிட்டே செய்கிறார்கள். ஒத்திகை நாட்களில் அரங்கின் முன்வரிசை நாற்காலிகள்தோறும், அங்கே உட்காரவிருக்கும் நட்சத்திரத்தின் முகம் அச்சிட்ட அட்டை ஒன்றை நிறுத்திவைக்கிறார்கள். மேடையில் ஒருவர் பாடும்போது எந்தக் கேமரா எந்த முகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று ஒத்திகை பார்ப்பதற்காக அது. பாடுகிறவரின் இரண்டு வரிக்கு ஒருமுறை, கேட்கிறவர் ஒருவரின் புன்னகை. கித்தாரில் ஒரு நல்ல இடம் வரும்போது, எழுந்து ஆடும் வேறொருவரின் தோள். இசையைக் கேட்கும் பிரபலங்களைப் பார்ப்பதையே இசையைப் பார்ப்பதாக நினைக்க நம்மைப் பழக்கிவிட்டார்கள். நம் தொலைக்காட்சிகளின் பாட்டுப் போட்டிகளில் குழந்தை சரணத்தில் மேலே போகும் கணத்தில் நடுவரின் கலங்கிய கண்ணைக் காட்டுவது இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துவந்த வித்தைதான். குழந்தை எப்படி அந்தச் சுரத்துக்குப் போனாள் என்பதைப் பார்த்தவர் யாருமில்லை.

விதிவிலக்கும் அதே மேடையில்தான் நடந்தது. 2024 பிப்ரவரியில், ஜாகிர் உசேன் மூன்று விருது வாங்கிய அதே நாளின் மாலையில், பாடகி டிரேசி சாப்மனும் பாடகர் லூக் கோம்ப்ஸும் ‘ஃபாஸ்ட் கார்’ பாடினார்கள். அது சாப்மன் எழுதி 1988இல் வெளியிட்ட பாடல். அந்த ஆண்டு ஜூன் மாதம் லண்டன் வெம்பிளி அரங்கில் நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளுக்காக நடந்த நிகழ்ச்சியில், ஸ்டீவி வொண்டரின் மின்னிசைக் கருவிக்கு வேண்டிய வட்டு காணாமல்போய் அவர் மேடையேற முடியாத நிலை வந்தது. ஏற்கெனவே பாடிவிட்டுப் போயிருந்த சாப்மனை மீண்டும் அழைத்தார்கள். கையில் ஒரு கித்தார் மட்டும். அன்று அதைக் கேட்ட உலகம் அவரை மறக்கவில்லை. நான் மேலே சொன்ன அதே 1989 விழாவில் அவர் அந்தப் பாடலைப் பாடினார். சிறந்த புதுமுகம் உட்பட மூன்று விருதுகளையும் பெற்றார்.

பாடல் வெளியானபோது பிறந்தேயிராத கோம்ப்ஸ் 2023இல் அதை மறுபடியும் பாடி வெளியிட, ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க கிராமிய இசையின் வானொலிப் பட்டியலில் அது முதலிடத்துக்குப் போயிற்று. ஒரு கறுப்பினப் பெண் தனியாக எழுதிய பாடல் அந்த இடத்தை அடைந்தது அதுவே முதல்முறை. பின்னர் கிராமி மேடைக்கு இருவரையும் சேர்த்து அழைத்தார்கள். சாப்மன் மிக அரிதாகவே மேடையேறுபவர். வருவாரா என்பதே பலருக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்தக் காட்சியைத் திறந்த விதத்தைப் பாருங்கள். முகமில்லை, பெயரில்லை, கூட்டமில்லை. ஒரு கித்தாரின் தந்திகள், அவற்றின்மேல் இரண்டு கைகள். கட்டைவிரல் கீழ்ச்சுரத்தை இழுத்துவிட, மற்ற விரல்கள் அந்தச் சின்னஞ்சிறு சுற்றை வாசிக்கின்றன. அரங்கம் அந்தச் சுற்றைக் கேட்டே யாரென்று அடையாளம் கண்டுகொண்டு ஆர்ப்பரித்தது. அதன்பிறகுதான் கேமரா மெல்ல மேலே போய், நரைத்த தலைமுடியும் சிரிப்புமாக 59 வயதுச் சாப்மனைக் காட்டியது. அவர் பாடும் வரிகளையெல்லாம் பக்கத்தில் நின்று சத்தமில்லாமல் உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தார் கோம்ப்ஸ். பாட்டு முடிந்ததும் அவருக்கு முன்னால் குனிந்து வணங்கினார். நடுவில் வழக்கம்போல டெய்லர் ஸ்விஃப்ட் எழுந்து நின்று சேர்ந்து பாடுவதையும் காட்டினார்கள்தான். பழக்கம் எளிதில் விடுமா? ஆனால் அந்தத் தொடக்கத்தை எடுத்தவர் யாராக இருந்தாலும் அவர் கையைப் பிடித்து முத்தமிடுவேன். என் பெரியப்பா சார்பாக.

இப்போது உங்கள் குறைக்கு வருகிறேன். அஞ்சலிப் பகுதியில் என்ன செய்கிறார்கள்? யாரோ ஒருவர் பாடிக்கொண்டிருக்க, பின்னால் இரண்டு நொடிக்கு ஒரு படம் வந்து போகிறது. ஜாகிர் உசேன் வந்திருந்தால், சுருள்முடியோடு சிரிக்கும் ஒரு புகைப்படம் இரண்டு நொடி வந்துபோயிருக்கும். உங்கள் மகள் அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டிருப்பாள்? அவர் அழகாக இருந்தார் என்பதை. அந்த மனிதரின் இடது உள்ளங்கையின் அடிப்பாகம் தபேலா இணையில் இடக்கைக்குரிய பாயாவின் தோல்மேல் அழுந்தி முன்னால் நகரும்போது, ஒரு தோல்கருவி வாய்திறந்து பேசுவதுபோல் சுரம் ஏறி இறங்கும். வலது கை விரல்கள் ஓரத்திலும் நடுவிலுள்ள கறுப்பு மையிலும் மாறி மாறி விழும் வேகத்தில் அவை கண்ணுக்கு ஒன்றாகிவிடும். மணிக்கட்டோ அநேகமாக அசைந்திருக்காது. மிருதங்கம் படிக்கும் ஒரு பெண் அதை அரை நிமிடம் அருகிலிருந்து பார்த்தால், அன்று மாலையே தன் தொப்பியில் அதைச் செய்து பார்ப்பாள். வராது. மறுநாளும் செய்து பார்ப்பாள். ஜாகிர் உசேனுக்கு அதைவிடப் பெரிய அஞ்சலியை எந்த அரங்கத்தாலும் செய்ய முடியாது. நீங்களோ இரண்டு நொடிப் புகைப்படத்துக்காகச் சண்டைக்குக் கிளம்பியிருக்கிறீர்கள்.

அயல்நாட்டு விருதைக் கொண்டாடலாமா என்ற கேள்வியில் எனக்கு அக்கறையில்லை. கொண்டாட வேண்டும் என்று தோன்றினால் கொண்டாடுங்கள். 1992இல் விக்கு விநாயக்ராமின் கடம் ஒலித்த ‘பிளானட் டிரம்’ தொகுப்பு கிராமி பெற்றபோதும் நம்மவர்கள் கொண்டாடினார்கள். அதற்குப்பின் எத்தனை பேர் அந்தத் தொகுப்பை உட்கார்ந்து கேட்டார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

கண்டனக் கடிதத்தில் கையெழுத்திடுகிறேன், ஒரு நிபந்தனையோடு. படத்தைக் காட்டவில்லை என்ற வரியை எடுத்துவிட்டு, அடுத்த ஆண்டாவது அவர் வாசிக்கும் காட்சியில் முப்பது நொடி அவருடைய இரண்டு கைகளையும் இடையில் எந்த முகமும் குறுக்கிடாமல் காட்ட வேண்டும் என்று எழுதுங்கள். அதன் நகல்களை நம் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் அனுப்பிவிடுங்கள். அவற்றிலும் கையெழுத்திடுகிறேன்.