கடலில் காற்றாலை நிறுவல்: நாட்களை எதனால் வகுப்பது?

கேள்வி: கிருஷ்ணகிரி என் ஊர்; ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்கள் நிறுவனம் கடல் காற்றாலைப் பணியில் இறங்க எண்ணி, முடிந்துபோன இரண்டு திட்டங்களின் கணக்கை என்னிடம் கொடுத்திருக்கிறது. முதலாவதில் 2 மெகாவாட் காற்றாலைகள் 80, ஒரு கப்பலைக் கொண்டு 120 நாட்களில் நிறுவப்பட்டன. இரண்டாவதில் 8 மெகாவாட் காற்றாலைகள் 40, இரண்டு கப்பல்களைக் கொண்டு 100 நாட்களில் முடிந்தன. எது திறமையான வேலை? எங்கே மேம்படுத்தலாம்?

பதில்: காற்றாலை ஒன்றுக்கு எத்தனை நாள் என்று வகுத்தால் முதலாவதற்கு 1.5, இரண்டாவதற்கு 2.5, முதலாவதே மேலானது. மெகாவாட் ஒன்றுக்கு என்று வகுத்தால் 0.75, 0.31, இரண்டாவது இரு மடங்குக்கும் மேல் விரைவு. ஆனால் அங்கே இரண்டு கப்பல்கள் உழைத்தன. கப்பல்-நாட்கள் 200 என்று கொண்டால் மெகாவாட்டுக்கு 0.63 ஆகி, இடைவெளி பெரிதும் சுருங்கிவிடுகிறது. நாள் வாடகை கப்பலுக்குக் கப்பல் தனித்தனியாகக் கொடுக்கப்படுவதால், ஒப்பிட வேண்டியது இந்தக் கடைசி எண்ணைத்தான்.

அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 1991-இல் டென்மார்க்கில் அமைந்த விண்டபி, உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை. அதன் 11 காற்றாலைகளும் சேர்ந்தே 5 மெகாவாட்டை எட்டவில்லை. இங்கிலாந்தின் ஹார்ன்சீ இரண்டாம் பண்ணையிலோ ஒவ்வொன்றும் 8 மெகாவாட்டாக 165 நிற்கின்றன. இயந்திரம் பெருத்தாலே மெகாவாட்டுக்கான நாள் குறையும். குழுவின் கைத்திறன் கூடியதாக அதற்குப் பொருளில்லை. கைத்திறனை அறிய, கப்பல்-நாட்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மாம்பழப் பருவத்தில் கூழ் ஆலை வாசலில் பெங்களூரா ரக மாம்பழம் ஏற்றிய வண்டிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இயந்திரம் எவ்வளவு விரைவாக ஓடினாலும், வாசலில் கழியும் நேரத்தைத் தனியே குறிக்காதவரை தேக்கம் எங்கே என்று தெரியாது. அதுபோலவே துறைமுகத்தில் ஏற்றுதல், பயணம், கடலில் நிறுவுதல், வானிலைக்காகக் காத்திருத்தல் ஆகிய நான்கையும் மணிக்கணக்கில் பிரியுங்கள். அடித்தளம் இறக்கும் வேலையையும் மேலே காற்றாலை பூட்டும் வேலையையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெரும்பாலும் அதிகம் கற்றுத்தருவது நான்காவது. கால்களைக் கடற்தரையில் ஊன்றி உடலை நீருக்கு மேலே தூக்கிக்கொள்ளும் ஜாக்-அப் கப்பல், ஊன்றும்போதும் எடுக்கும்போதும் அலைக்கு அஞ்சுகிறது. ஊன்றி நின்ற பிறகு, இறக்கையைத் தூக்கும்போது காற்றுக்கு அஞ்சுகிறது. இறக்கை பூட்ட நொடிக்கு ஏறத்தாழ 10 முதல் 12 மீட்டர் வரையிலான காற்றையே வழக்கமாக வரம்பாகக் கொள்கிறார்கள். நல்ல மணிகளைக் கூட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. அவை தொடர்ச்சியாக வர வேண்டும். ஒரு வேலைக்கு இடைவிடாமல் 18 மணி நேரம் வேண்டுமென்றால், எட்டெட்டு மணியாக மூன்று முறை அமைதி கிடைத்தும் பயனில்லை. அதையே பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய இடங்களில் 6 மணி நேரப் பகுதிகளாக உடைக்க முடிந்தால், ஒவ்வொரு அமைதியிலும் ஒரு பகுதி முடிந்துவிடும். என் கணிப்பில், புதிய கிரேன் வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியது இதுவே.

அடுத்து, கடலில் தூக்கும் எண்ணிக்கையைக் குறையுங்கள். கோபுரத் துண்டுகளைத் துறைமுகத்திலேயே இணைத்து நிமிர்த்தி ஏற்றினால், கடலில் ஒரே தூக்கு. சுழலியை இறக்கைகளோடு முன்பே பூட்டிக் கொண்டுபோகவும் முடியும். ஆனால் அது மேல்தளத்தை அடைத்துக்கொள்வதால் ஒரு பயணத்தில் ஏற்றும் எண்ணிக்கை குறையும், தூக்கும்போது காற்றும் மேலும் அடங்க வேண்டும். தூரம் அதிகமென்றால் இந்த மாற்றம் நட்டமாகவே முடியக்கூடும்.

நம் கடலுக்கும் இது நெருங்கிய செய்தி. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தில் குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் 500 மெகாவாட் வீதம் ஒதுக்கப்பட்டது. இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த 600 கோடியும் அதில் அடங்கும். மன்னார் வளைகுடாவில் மின்சாரத்தை அள்ளித் தரும் ஆடிக்காற்றே நிறுவும் பணிக்குப் பெரிய தடை என்பதால், ஐரோப்பியத் திட்டங்களின் காத்திருப்பு விகிதத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

உங்களிடம் உள்ள இரண்டு திட்டங்களுக்கும் கப்பலின் அன்றாடப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்கும் வரை, 0.75-ஐ விட 0.63 சிறிது மேலானது என்பதற்கு அப்பால் உங்கள் அறிக்கையில் எதையும் உறுதியாக எழுத வேண்டாம்.