பழைய காரின் ஒரிஜினல் சீட் பெல்ட்டில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?

கேள்வி: 1968 ஃபோர்டு மஸ்டாங் கூபே ஒன்று வாங்கியிருக்கிறேன். சீட் பெல்ட் எல்லாம் காரோடு வந்தவைதான். பட்டை வெளுத்துவிட்டது, பக்கிளில் புள்ளி புள்ளியாகத் துரு. கழுவி, பாலிஷ் போட்டு அதையே மாட்டலாமா, இல்லை தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டுமா?

பதில்:

இரண்டும் வேண்டாம். இரும்பை வைத்துக்கொள்ளுங்கள், பட்டையை மாற்றுங்கள். பக்கிள், அதில் நுழையும் தகடு, தரையில் மாட்டும் கொக்கி, மூடி, லேபிள் எல்லாம் உங்கள் காரோடு பிறந்தவை, அவற்றை விட்டுவிட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். பட்டை அப்படியில்லை. டயர் மாதிரி, அது தேய்ந்து போகிற சாமான். 1968 டயரைப் போட்டுக்கொண்டு யாரும் ஹைவேயில் போவதில்லை, ஆனால் 1968 பெல்ட்டைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நான் அமெரிக்காவின் மிச்சிகனில் இருக்கிறேன், என்னிடமும் அதே வருடத்து மஸ்டாங் இருக்கிறது, அதனால் நீங்கள் சொல்கிற புள்ளித் துரு எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் ஒன்று செய்து பாருங்கள். பட்டை பக்கிளுக்குள் போய் மடிந்து திரும்பும் இடம் இருக்கிறதல்லவா, அந்த மடிப்பைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். வெளியே சாம்பல் பூத்த மாதிரி இருக்கும் பட்டை அந்த மடிப்புக்குள் கருநீலமாகவோ அடர் சிவப்பாகவோ புத்தம் புதிதாக இருக்கும். அதுதான் உங்கள் காரின் உண்மையான நிறம். புதுப் பட்டைக்கு நிறம் பொருத்தும்போது அந்த ஒரு அங்குலத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டும், வெளுத்த பக்கத்தைக் காட்டினால் கடைக்காரர் வேறு நிறத்தில் தைத்துக் கொடுப்பார். அப்புறம் வெளிப் பக்கத்தை இரண்டாக மடித்து விரலால் அழுத்தித் தேயுங்கள். மெல்லிய தூள் ஒட்டினாலோ, நூல் பொரபொரவென்று நின்றாலோ வெயில் அதைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். அந்தக் காலத்துப் பட்டைகள் பெரும்பாலும் நைலான், நைலானுக்குப் புற ஊதாக் கதிர் ஆகவே ஆகாது. வெளுத்தது நிறம் மட்டும்தான், பலம் அப்படியே இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூள் வரவில்லை என்றால் பட்டை நல்லது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளே எவ்வளவு பலம் மிச்சம் என்பதை இழுத்து அறுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும், அறுத்த பிறகு அந்தப் பட்டை எதற்கும் ஆகாது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் மோதி, உள்ளே இருப்பவர் அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்க வேண்டியிருந்தால், அவர் மேல் வருவது புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு. 70 கிலோ ஆளுக்கு அது சுமார் 1,400 கிலோ பாரம், கண் இமைக்கும் நேரத்தில். அமெரிக்காவின் 209-ஆம் எண் பாதுகாப்புத் தரம் இடுப்பு பெல்ட்டின் பட்டை மட்டும் தனியாக 6,000 பவுண்டு, அதாவது 2,700 கிலோவுக்கு மேல், தாங்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான். பட்டை புதிதாக இருந்தபோது அந்த உபரி பலம் இருந்தது. அரை நூற்றாண்டு வெயிலுக்குப் பிறகு அந்த உபரியில் எவ்வளவு மிச்சம் என்று யாருக்குத் தெரியும்?

கழுவுவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஷோவுக்கு மட்டும் நிறுத்துகிற கார், ஓட்டவே போவதில்லை என்றால் கழுவலாம். வெதுவெதுப்பான தண்ணீர், மைல்டான சோப்பு, மென்மையான பிரஷ், நிழலில் காயவைப்பது, அவ்வளவுதான். முதல் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வரும், பயப்பட வேண்டாம், பழைய அழுக்குதான். ப்ளீச் போடாதீர்கள், சாயம் போடாதீர்கள், இரண்டுமே நூலைக் கெடுக்கும். சாயம் போட்டுப் புதிதாக்கிய பெல்ட் என்று விற்பனைக்கு வருவதை வாங்கவே வாங்காதீர்கள், ஏனென்றால் வெளுப்புதான் பார்த்தவுடன் நமக்குக் கிடைக்கிற எச்சரிக்கை, சாயம் அதை மறைத்துவிடுகிறது.

பட்டையை மாற்றுவதற்கு அமெரிக்காவில் இதையே தொழிலாக வைத்திருக்கும் கடைகள் இருக்கின்றன. உங்கள் பக்கிளையும் கொக்கியையும் அனுப்பினால், பழைய பட்டையை எடுத்துவிட்டு, அதே அகலம், அதே நெசவுக் கோடு, கூடுமானவரை அதே நிறத்தில் பாலியெஸ்டர் பட்டை போட்டுத் தைத்துத் திருப்பி அனுப்புவார்கள். பாலியெஸ்டர் நைலானை விடக் குறைவாக நீளும், வெயிலையும் கூடத் தாங்கும். அனுப்புவதற்கு முன் அவர்களிடம் கேட்க வேண்டியது: நீங்கள் போடும் பட்டையும் தையலும் 209-ஆம் எண் தரத்துக்குச் சோதித்ததா, அதை எழுத்தில் கொடுப்பீர்களா? மழுப்பினால் வேறு கடை பாருங்கள். சோபா தைக்கிறவரிடமோ ஷூ தைக்கிறவரிடமோ கொடுத்துவிடாதீர்கள், அவர்கள் கைவேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. பெல்ட் தையல் என்பது நூலின் வகை, தடிமன், ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், எந்த வடிவத்தில் என்று எல்லாம் சேர்ந்தது. தையல் அதிகமானால் பலம் கூடும் என்று நினைத்துக் குத்திக்கொண்டே போனால் ஊசியே பட்டையை அறுத்துவிடும்.

லேபிளை மறக்க வேண்டாம். பட்டையில் தைத்திருக்கும் அந்தச் சின்னத் துணியில் தயாரித்தவர் பெயர், மாடல், தேதி இருக்கும். பெல்ட்டின் தேதி கார் தயாரான தேதிக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தால் அது காரோடு வந்தது என்பதற்கு அதை விட நல்ல சாட்சி கிடையாது. எதையும் கழற்றும் முன் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், பழைய பட்டையை லேபிளோடு ஒரு பையில் போட்டு, எந்த சீட், எந்தப் பக்கம் என்று எழுதி எடுத்து வையுங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளைக்குக் காரை வாங்குகிறவருக்கு அது காரின் ஆவணம். பின் சீட் பெல்ட்டையும் தேடுங்கள், பல கார்களில் அவை சீட்டுக்கு அடியில் சொருகிக் கிடக்கும், வெயில் படாமல் நிறம் அப்படியே இருக்கும்.

சரி, பக்கிள். மேலே பளபளக்கும் மூடி பல பெல்ட்டுகளில் துத்தநாக வார்ப்பு, உள்ளே பிடிக்கிற நாக்கும் தகடும் எஃகு. மூடியில் புள்ளி விழுந்தால் அழகு கெடும், அவ்வளவுதான், பாரம் அதன் மேல் வருவதில்லை. பாரம் தாங்கும் எஃகில் துரு குழி விழுந்திருந்தாலோ, விளிம்பு தேய்ந்திருந்தாலோ அந்தப் பக்கிளைக் கழித்துவிட வேண்டும். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. பளபளப்பு வேண்டும் என்று எல்லா உதிரிகளையும் மொத்தமாக குரோம் முலாம் போடக் கொடுப்பார்கள். முலாம் போடும்போது அமிலத்திலிருந்தும் மின்பகுப்பிலிருந்தும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகும். கடினப்படுத்திய எஃகு அதனால் நொறுங்குகிற தன்மைக்கு வந்துவிடும், வெளியே கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் பாரம் வரும்போது படக்கென்று உடையும். முலாம் போட்ட உடனே சுமார் 190 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சூடேற்றினால் ஹைட்ரஜன் வெளியேறும். அலங்காரச் சாமானுக்கு மட்டும் முலாம் போடுகிற பட்டறை இதைச் செய்யாது, கேட்டால்தான் தெரியும். என் யோசனை, மூடியை மட்டும் முலாமுக்குக் கொடுங்கள், தகட்டையும் நாக்கையும் நன்றாகத் துடைத்து அப்படியே விடுங்கள்.

சுருட்டும் ரீல் இருக்கிற பெல்ட் என்றால் அதன் சுருள் வில்லைத் திறக்காதீர்கள், கையைக் கிழித்துவிடும். தடவிய எண்ணெயில் தூசி ஒட்டிப் பல் சிக்கும், அதனால் எண்ணெயும் வேண்டாம்.

இப்போது, எல்லோரும் பெல்ட்டைப் பார்த்துவிட்டுப் பார்க்காமல் விடுகிற இடம்: தரை. மிச்சிகன் மாதிரி குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுகிற ஊர் கார் என்றால் இதுதான் உங்கள் முதல் வேலை, பட்டை எல்லாம் அப்புறம். கார்பெட்டைத் தூக்கி, காருக்கு அடியில் படுத்து, போல்ட் ஏறும் இடத்தைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். டங் டங் என்றால் நல்லது. சத்தம் மங்கினாலோ முனை உள்ளே இறங்கினாலோ அந்தத் தரையில் எவ்வளவு புது பெல்ட் மாட்டினாலும் பயன் இல்லை, மோதும்போது போல்ட் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். நட்டு வெல்டு செய்திருக்கும் பலத்தகடும் சேர்த்துத் துரு இல்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டு செய்யுங்கள். போல்ட் வழக்கமாக 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. மரையில் பழைய பெயின்டும் சீலரும் அடைத்திருக்கும், சரியான அளவு டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்துவிட்டு போல்ட்டைக் கையால் சில சுற்று ஏற்றுங்கள், கையால் ஏறவில்லை என்றால் ஸ்பேனர் போட்டு முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள், மரை போய்விடும். ஒரிஜினல் போல்ட் துருப்பிடித்திருந்தால் சீட் பெல்ட்டுக்கென்றே விற்கிற போல்ட்டை வாங்குங்கள், ஹார்டுவேர் கடையில் அளவு ஒத்துப்போகிற போல்ட் வேண்டாம். மாட்டிய பிறகு கொக்கித் தகடு போல்ட்டைச் சுற்றித் தாராளமாகத் திரும்ப வேண்டும். திரும்பாமல் இறுகியிருந்தால் பாரம் பட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும் விழும், கிழிவது அங்கிருந்துதான் தொடங்கும்.

1968 மாடல்களில் இன்னொரு விஷயம். அமெரிக்காவில் கூரையுள்ள கார்களின் முன் சீட்டுக்குத் தோள் பெல்ட்டும் கட்டாயமானது 1968 ஜனவரி 1 முதல் தயாரானவற்றுக்குத்தான். உங்கள் கார் 1967 கடைசியில் தயாரான 1968 மாடலாக இருந்தால் தோள் பெல்ட் இல்லாமலே வந்திருக்கலாம், அது குறையல்ல. டிரைவர் கதவுத் தகட்டில் தேதிக் குறியீட்டைப் பாருங்கள், எண் நாள், எழுத்து மாதம், ஏ என்றால் ஜனவரி. தோள் பெல்ட் இருக்கிற கார்களில் அது இடுப்பு பெல்ட்டோடு சேராத தனிப் பட்டை, தனிப் பக்கிள், போடாதபோது கூரை ஓரத்தில் கிளிப்பில் மாட்டியிருக்கும். இடுப்பையும் தோளையும் ஒரே பெல்ட்டாகப் பிடிக்கிற, வோல்வோவில் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று புள்ளி பெல்ட் 1959-லேயே விற்பனைக் காரில் வந்துவிட்டது, அந்தக் காப்புரிமையை வோல்வோ எல்லோருக்கும் திறந்தும் விட்டது, அப்படியிருந்தும் இங்கே இரண்டு பட்டையாகப் பிரித்துப் போட்டதால் பலர் மேல் பட்டையை எடுக்கவே இல்லை. நீங்கள் எடுங்கள். ஆனால் இடுப்பு பெல்ட் இல்லாமல் தோள் பெல்ட்டை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள், உடல் கீழே வழுக்கிப் பட்டை கழுத்துக்கு வரும். இடுப்பு பெல்ட்டும் வயிற்றின் மேல் இல்லை, இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக, இறுக்கமாக.

மோதிய காரிலிருந்து எடுத்த பெல்ட் என்று தெரிந்தால் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பட்டையைத் தொடாதீர்கள். ஒரு முறை பாரம் தாங்கி நீண்ட பட்டை மறுமுறை அதே மாதிரி தாங்காது.

ஊரில் அம்பாசிடரும் பத்மினியும் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. இந்தியாவில் முன் சீட் பெல்ட்டோடுதான் கார் வர வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது 1994-ல். அதற்கு முந்தைய வண்டியில் மீட்டெடுக்க ஒரிஜினல் பெல்ட்டே இல்லாமல் இருக்கலாம். டிங்கரிங் பட்டறையில் தரையிலும் பில்லரிலும் ஓட்டை போட்டு ஒரு வாஷர் வைத்து முறுக்கிக் கொடுப்பார்கள், அது போலீஸுக்குக் காட்ட மட்டும்தான் ஆகும். 1994-க்குப் பிறகு வந்த அம்பாசிடர் ஒன்றில் கம்பெனி எந்த இடத்தில் போல்ட் கொடுத்திருக்கிறது, பின்னால் எவ்வளவு பெரிய தகடு என்று பார்த்து அதே மாதிரி பலத்தகடு வெல்டு செய்யச் சொல்லுங்கள். பெல்ட் வாங்கும்போது ஐ.எஸ். 15140 என்ற எண்ணோ ஐரோப்பிய ஈ முத்திரையோ லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் பக்கிளின் பின்பக்கம், பட்டை லேபிள், கதவுத் தகடு, தரையில் போல்ட் ஏறும் இடம், இந்த நாலு படமும் போடுங்கள். எதை அனுப்பலாம், எதைக் கழிக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை காரை எடுக்காதீர்கள்.