மூவாயிரம் வெள்ளிக்குள் கேம் செய்ய ஒரு லேப்டாப்
(மலேசியக் கணினி கேள்வி பதில்; வெள்ளி என்றால் ரிங்கிட்)

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கேம் உருவாக்கும் டிப்ளோமா படிப்பில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறான். கேம் செய்யும் அன்ரியல் மென்பொருள் ஓட வேண்டும் என்று ஆறாயிரம் வெள்ளிக்கு லேப்டாப் கேட்கிறான். கணவர் லாரி ஓட்டுகிறார், எங்களால் 3,000 வெள்ளிதான் முடியும். லோ யாட் பிளாசா போய் விசாரித்தோம். மெல்லிசாக ஒன்று காட்டினார்கள்: ரைசன் 5 7520யு, 16 ஜி.பி. ரேம், 2,200 வெள்ளி. இன்னொன்று நல்ல கனம்: கோர் ஐ5 12450எச், ஆர்.டி.எக்ஸ். 3050, 8 ஜி.பி. ரேம், 2,800 வெள்ளி. முதலாவதில் ரேமும் இரண்டு மடங்கு, விலையும் குறைவு. அதையே வாங்கிவிடலாமா? இல்லை, இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து அவன் கேட்டதையே வாங்கிக் கொடுக்கட்டுமா?
— ஒரு தாய், செந்தூல்

பதில்: இ.பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள் அம்மா. அந்த மெல்லிசானதும் வேண்டாம். கனமானதை வாங்குங்கள், ஆனால் பெட்டியை மூடிக் கையில் கொடுப்பதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிட்டு.

முதலில் அந்த 7520யு. ஏழில் தொடங்குவதால் புதுசு என்று சொல்லியிருப்பார்கள். அந்த வரிசையில் முதல் எண் எந்த ஆண்டு வரிசை என்பதை மட்டும்தான் சொல்லும். உள்ளே இருக்கும் வடிவமைப்பு எவ்வளவு பழையது என்பது மூன்றாவது எண்ணில் இருக்கிறது. இங்கே அது 2, அதாவது ஸென் 2, 2019இல் வந்த வடிவமைப்பு. வேலை செய்யும் மையங்களான கோர் நான்குதான். கிராஃபிக்ஸ் பகுதியும் படம் பார்க்க, வீட்டுக்கணக்கு எழுதப் போதுமே தவிர முப்பரிமாண வேலைக்கு ஆகாது. எல்லாவற்றையும் விட, இந்த வகை சிப்போடு வரும் ரேம் பலகையிலேயே பற்றவைத்தது. நாளைக்குக் கூட்ட முடியாது. நீங்கள் பார்த்த 16 ஜி.பி. அதன் கடைசி எல்லை.

மற்றதில் இப்போதைக்கு 8 ஜி.பி.தான், அது குறைவுதான். ஆனால் இந்த மாதிரி கனமான மாடல்கள் பலவற்றில் ரேம் போட இரண்டு இடம் இருக்கும். லேப்டாப்பின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை விட இந்தக் காலி இடத்துக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன். இருக்கிறதா என்று கடையிலேயே பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் மெமரி பக்கத்தில் மொத்தம் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று எழுதியிருக்கும். இரண்டில் ஒன்று நிரம்பியிருந்தால் சந்தோஷமாக வாங்குங்கள். மிச்சமிருக்கும் 200 வெள்ளியில் இன்னொரு 8 ஜி.பி.யை அங்கேயே போடச் சொல்லுங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கொண்டிருப்பதால் பணம் பத்தாமலும் போகலாம். பரவாயில்லை, அடுத்த செமஸ்டரில் போட்டுக்கொள்ளலாம். போடுவதற்கு இடம் இருப்பதுதான் முக்கியம்.

அப்புறம் 3050 என்ற கிராஃபிக்ஸ் சிப். இதில் 4 ஜி.பி. நினைவகத்தோடும் வருகிறது, 6 ஜி.பி.யோடும் வருகிறது. அதே டாஸ்க் மேனேஜரில் ஜி.பி.யு. பக்கத்தைப் பாருங்கள், 6 கிடைத்தால் விடாதீர்கள். இன்னொரு வித்தியாசம் பெட்டியின் மேல் தெரியாது. ஒரே 3050ஐ ஒரு மாடலில் 35 வாட்டில் ஓட்டுவார்கள், இன்னொன்றில் 80 வாட் வரை விடுவார்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்: லாரி ஒன்றுதான், எண்ணெய்க் குழாயைச் சுருக்கிவிட்டார்கள். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, எத்தனை வாட் என்று தயாரிப்பாளரின் தளத்தில் தம்பியையே தேடச் சொல்லுங்கள்.

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அன்ரியலைத் தயாரிக்கும் எபிக் நிறுவனமே 32 ஜி.பி. ரேமும் 8 ஜி.பி. கிராஃபிக்ஸ் நினைவகமும் பரிந்துரைக்கிறது. அது பெரிய வேலை செய்கிறவர்களுக்கான கணக்கு. முதல் ஆண்டில் உண்மையில் எந்த எஞ்சின் (அன்ரியல் மாதிரி கேம் செய்யும் மென்பொருள்) சொல்லித்தருகிறார்கள் என்று கல்லூரியில் கேட்டு வரச் சொல்லுங்கள். கோடோ என்றால் கவலையே இல்லை, இலவசம், சின்னது, பழைய கணினியிலும் ஓடும். யூனிட்டி என்றால் 16 ஜி.பி.யில் சமாளிக்கலாம். அன்ரியலே என்றாலும், லூமன் என்ற ஒளியமைப்பு வசதியை அணைத்து, தரத்தை மீடியத்துக்கு இறக்கி, படங்களின் அளவைச் சின்னதாக வைத்தால் பாடத்தை முடிக்கலாம். ஷேடர் (ஒளி, நிறம் காட்டும் சின்ன நிரல்கள்) தொகுக்கும்போது ஒரு தே தாரிக் போட்டுக் குடிக்க நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். அந்தத் தொகுப்பு வேலையில்தான் 12450எச்சின் எட்டு கோர் கைகொடுக்கும்.

இந்த விலையில் குறை இல்லாமல் இருக்காது. திரையின் நிறம் மங்கலாக இருக்க வாய்ப்பு அதிகம். திரை காட்டும் நிற அளவு 45 சதவீத என்.டி.எஸ்.சி. என்று போட்டிருந்தால் அதுதான். வரைகிற வேலைக்கு வீட்டு டிவியில் எச்.டி.எம்.ஐ. கேபிள் சொருகிப் பார்த்துக்கொள்ளட்டும். சார்ஜரைப் பிடுங்கினால் வேகம் பாதியாகும், வகுப்புக்கு அதையும் சுமக்க வேண்டும். ஏர்கோன் இல்லாத அறையில் மெத்தைமேல் வைத்து ஓட்டினால் கீழே காற்று போகாது. என் மேசைக்குப் பழுது என்று வருகிற கேமிங் லேப்டாப்புகளில் பாதியைத் திறந்தால் விசிறியில் பஞ்சுதான்.

ஃபோட்டோஷாப் இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திருட்டு மென்பொருளோடு வேறு என்னென்னவோ கூட வரும். வரைய கிரீட்டா, முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், நிரல் எழுத விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி, எல்லாம் சட்டப்படியே இலவசம்.

கணவர் வருமான வரி கட்டுகிறவர் என்றால் ரசீதை அவர் பெயரில் வாங்குங்கள். வாழ்க்கைமுறைச் செலவு என்ற பிரிவில் ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரை கழிவு உண்டு. பிள்ளைக்கு வாங்கிய கணினியும் அதில் சேரும். ரசீதை ஏழு ஆண்டு பத்திரமாக வைக்க வேண்டும். மை மங்கும் முன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கம்பெனிகள் திருப்பிக் கொடுத்த பழைய லேப்டாப் 1,200 வெள்ளிக்குக் கிடைக்கிறது. கேம் செய்யக் கற்றுக்கொள்ள இது போதுமா?
— வாசகர், கெப்போங்

பதில்: கோடோவில் இருபரிமாண கேம் என்றால் போதும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வாங்காதீர்கள். விண்டோஸ் 11 அதற்குக் கீழே முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸே ஒரு பேட்டரி அறிக்கை எடுத்துத் தரும். அதில் தொழிற்சாலைக் கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். பாதிக்கும் கீழே போயிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். காட்ட மறுக்கும் கடையில் பேரம் பேசவே வேண்டாம்.

கேள்வி: மேக்புக் ஏர் வாங்கி ஐபோன் கேம் செய்து விற்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?
— வாசகி, பத்துமலை

பதில்: ஐபோனுக்குத்தான் என்று உறுதியாக இருந்தால் சரி. ஐபோன் செயலி செய்யும் எக்ஸ்கோட் மென்பொருள் மேக்கில் மட்டுமே ஓடும், வேறு வழி சுற்றுவழிதான். ஆனால் ஏரில் விசிறி கிடையாது, நீண்ட நேரம் வேலை வாங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரேமையும் பின்னால் கூட்ட முடியாது, 16 ஜி.பி.க்குக் குறைந்த பழைய மாடலைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆப் ஸ்டோரில் கேமை ஏற்ற ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். கூகுள் பிளேக்கு ஒரே தடவை 25 டாலர். முதல் கேம் என்றால் நான் ஆண்ட்ராய்டில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேக் வாங்கப் போவேன்.