அலுவலகத்தில் ஒருவருக்குத் தடிமன் வந்தால் எல்லோருக்கும் பரவாமல் எப்படித் தடுப்பது?

மழைக்காலம் தொடங்கியதும் உங்கள் அலுவலகத்தில் ஒருவர் மாறி ஒருவர் தடிமன் காய்ச்சலில் விழுவதாகவும், முகக்கவசம் மட்டும் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது.

நான் மட்டக்களப்பு நகரில், பதினொரு பேர் ஒரே மண்டபத்தில் இருந்து வேலை செய்யும் அலுவலகமொன்றில் கணக்குப் பார்க்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் மார்கழியில், வருடமுடிவுக் கணக்கு கிடக்கிறதே என்று இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு, மூக்கொழுகலோடு ஆரையம்பதியிலிருந்து பஸ் ஏறி வந்தவன் நான்தான். அந்தக் கிழமை முடிவதற்குள் ஆறு பேர் படுத்துவிட்டார்கள், கணக்கும் முடியவில்லை. பனடோல் காய்ச்சலைத்தான் இறக்கும், கிருமி பரவுவதை நிறுத்தாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

காய்ச்சலோடு வரும் கடுமையான தடிமனான இன்புளுவென்சா வந்தவர், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குத் தொற்ற வைக்கக்கூடியவர். அதன் பின்னர் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை அது நீடிக்கலாம் என்றாலும், முதல் மூன்று நான்கு நாட்களில்தான் பரவல் அதிகம். ஆகவே "இன்றைக்கு வந்து பார்க்கிறேன், முடியாவிட்டால் நாளைக்கு நிற்கிறேன்" என்று நாம் வழக்கமாகச் சொல்வது தலைகீழான கணக்கு. முதல் நாளே வீட்டில் நிற்க வேண்டும். பனடோல் போடாமலேயே 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகே திரும்பி வர வேண்டும். ஆனால் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருடத்துக்குக் கிடைப்பது 7 நாள் அமய விடுமுறை. அதற்குள்தான் சுகவீனம், செத்தவீடு, கோயில் திருவிழா எல்லாமே அடங்க வேண்டும் என்பதால், தடிமனுக்கென்று ஒரு நாளைச் செலவழிக்க எவருக்கும் மனம் வருவதில்லை. இதை முதலாளிதான் தீர்க்க வேண்டும். எங்கள் இடத்தில் இப்போது ஒவ்வொரு வேலையையும் இரண்டு பேர் பழகி வைத்திருக்கிறோம். ஒருவர் நின்றால் மற்றவர் பார்ப்பார், வீட்டிலிருந்து செய்யக்கூடியதை, வீட்டில் நிற்பவரும் உடம்பு இடங்கொடுத்தால் செய்வார்.

அடுத்தது காற்று. சாரலுக்குப் பயந்து யன்னல்களைச் சாத்திவிட்டு ஏசியைப் போடுகிறோம். சுவரில் மாட்டும் சாதாரண ஏசியோ அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது, வெளிக்காற்றை எடுப்பதில்லை. மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து அடிப்பதால், தெற்கு, மேற்குப் பக்க யன்னல்களைச் சாண் அளவு திறந்து வைத்தால் சாரல் அவ்வளவாக உள்ளே வராது. எங்களுக்குத் தடையாக இருந்தது யன்னலோரம் நின்ற பைல் அலுமாரிதான். அதை இடம் மாற்ற அரை மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை.

கைகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனால் வரவு பதியும் விரலடையாள இயந்திரத்தை யாரும் நினைப்பதில்லை. காலை எட்டரைக்கு, லேஞ்சியால் மூக்கைத் துடைத்த அதே விரலை ஒருவர் அந்தக் கண்ணாடியில் அழுத்த, பின்னால் நிற்கும் பத்துப் பேரும் வரிசையாக அதையே அழுத்துகிறோம். இன்புளுவென்சா வைரஸ் இப்படியான வழுவழுப்பான பரப்புகளில் 24 முதல் 48 மணித்தியாலம் வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. கொரோனாக் காலத்தில் அதன் பக்கத்தில் வைத்த சானிடைசர் போத்தலுக்குள் பிறகு பேனைகள்தான் நின்றன! இப்போது மறுபடி நிரப்பியிருக்கிறோம். என்றாலும் சவர்க்காரம் போட்டு 20 செக்கன் கழுவுவதே மேல். தேநீர்க் கோப்பைகளை ஒரே பேசின் தண்ணீரில் முக்கி எடுக்கும் பழக்கத்தையும் விட்டு, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். முகக்கவசம், இருமல் இருந்தும் வந்தே ஆகவேண்டியவருக்கு உதவும்.

இலங்கையில் இன்புளுவென்சா சித்திரை முதல் ஆனி வரையும், கார்த்திகை முதல் தை வரையும் கூடும். தடுப்பூசி வேலை செய்ய இரண்டு கிழமை எடுப்பதால், நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஐப்பசியிலேயே வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சாதாரணத் தடிமனை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கும் மேல். அதற்கு ஊசி இல்லை. கொத்தமல்லி அவித்துக் குடிப்பது தொண்டைக்கு இதம், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இதே மாரியில்தான் டெங்கும் வருகிறது. மூக்கொழுகல், தும்மல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் உச்சத்தில் காய்ந்தால் இபுபுரோபன், அஸ்பிரின் எடுக்காமல் வைத்தியரைக் கண்டு இரத்தம் பரிசோதிக்க வேண்டும். அப்படியான ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால், வைத்தியரிடம் போனாரா என்று பின்னேரம் ஒரு தடவை கோல் எடுத்துக் கேளுங்கள்.