ஊட்டி மாதிரி மலை ஊர்களில் கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்கு உள்ளூர்க் காய்கறி சுலபமாகக் கிடைக்க என்ன செய்யலாம்?

நான் ஊட்டி காந்தலில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன். இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் முத்தோரை பாலாடா. அங்கே நடுராத்திரி தாண்டியதுமே டார்ச் வெளிச்சத்தில் கேரட் பிடுங்க ஆரம்பித்துவிடுவார்கள். மிஷினில் கழுவி, மூட்டை பிடித்து, லாரியில் ஏற்றினால் மேட்டுப்பாளையம் மண்டி. எங்கள் தெருக் கடையில் கிடைப்பதோ இரண்டு நாள் வாடிய கேரட்.

இதைச் சொன்னால் உடனே "விழிப்புணர்வு முகாம் போடலாமே" என்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். கீரை நல்லது என்று தெரியாத அம்மா எங்கள் தெருவில் ஒருத்தரும் இல்லை. ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு, மதியம் முட்டையோடு சத்துணவு. வயிறு நிறைந்துவிடுகிறது. கை இறுகும்போது முதலில் வெட்டுப்படுவது ராத்திரிக் குழம்பில் போடும் காய்தான்.

உழவர் சந்தை இருக்கிறதே என்று கேட்கலாம். 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டம், எங்கள் ஊரிலும் இருக்கிறது, விலையும் நியாயம்தான். ஆனால் அது காலை வியாபாரம். காட்டேஜில் அறை கூட்டவும், கட்டடத்தில் கல் சுமக்கவும் போகிறவர்கள் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பும்போது திறந்திருப்பது மளிகைக் கடை மட்டும்.

அதனால் எங்கள் மகளிர் குழுவில் ஆறு பேர் சேர்ந்து ஒன்று செய்து பார்த்தோம். உடைந்த கேரட்டையும் இரண்டு கால் முளைத்த கேரட்டையும் மண்டியில் எடுக்க மாட்டார்கள், பாதி மாட்டுக்குப் போகும். பாலாடாவில் தெரிந்த அண்ணா ஒருவரிடம் பேசி, ஊருக்குள் வரும் பிக்கப் வண்டியில் தினமும் இரண்டு மூட்டை போடச் சொன்னோம். ஐந்தரை மணிக்குத் தெருமுனையில் சாக்கை விரித்துக் கூறு கட்டி வைப்போம். ஒரு கூறு 10 ரூபாய்: நாலு கேரட், ஒரு பீட்ரூட், ஒரு கைப்பிடி பீன்ஸ். கிலோக் கணக்கில் வாங்குவது மாதச் சம்பளக்காரர்களுக்குத்தான் சரிப்படும்.

முதல் வாரம் முட்டைக்கோஸ் ஒன்றுகூட விற்கவில்லை. எங்கள் குழுப் பாட்டி ஒருவர் அரிவாள்மனையை எடுத்து வந்து நாலாக நறுக்கி வைத்தார். அரை மணி நேரத்தில் காலி. காசு இல்லாதவர்களுக்கு நோட்டில் எழுதிக்கொள்வோம், சனிக்கிழமை கூலி வந்ததும் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும்.

அப்புறம், வெளியூர்க்காரர்கள் யோசிக்காத ஒன்று கேஸ் செலவு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, ராஜ்மா கேட்கவே வேண்டாம். "பயறு சாப்பிடுங்கள்" என்று சொல்கிறவர்கள் அந்த வீட்டில் குக்கர் இருக்கிறதா, இருந்தால் கேஸ்கட் நல்லா இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

ராகி கதையும் இப்படித்தான். 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள். நல்ல யோசனை. தேயிலை பரவும் முன்னால் இந்த மலையில் ராகியும் சாமையும்தான் விளைந்தன. ஆனால் எங்களுக்கு முழுத் தானியமாகத்தான் வந்தது. புடைத்து, இந்த மூடுபனியில் காயவைத்து, மில்லுக்குத் தூக்கிப் போக யாருக்கு நேரம்? பத்து வீட்டு ராகியை ஒன்றாகச் சேர்த்து ஒரே நடையில் அரைத்து வந்த பிறகுதான் களியும் கூழும் அடுப்பேறின.

எங்கள் ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு. மண்டியில் விலை ஏறினால் உடைந்த கேரட்டுக்கும் ஆள் வந்துவிடும், அண்ணாவைக் குறை சொல்ல முடியாது. அந்த நாட்களில் வேலியில் தானாகக் காய்க்கும் மேரக்காய்தான் கை கொடுக்கும் (கீழ்நாட்டில் சௌசௌ என்பார்கள்). போன மாசம் நாலு நாள் சாக்கில் அது மட்டும்தான். "இன்னைக்கும் மேரக்காயா அக்கா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டு கூறு வாங்கிப் போனார்கள்.