தடை போட்ட நாளில் குற்றாலம்

அன்புள்ள ஐயா,

ஜூலையில் குடும்பத்தோடு மூன்று நாள் குற்றாலம் போனோம். முதல் நாள் சாயங்காலம் ஐந்தருவியில் நன்றாகக் குளித்தோம். மறுநாள் விடியும்போதே மழை. எல்லா அருவியிலும் குளிக்கத் தடை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. லாட்ஜ் அறையில் டிவி பார்த்து, பிள்ளைகளைச் சமாளித்து, பஜ்ஜி தின்றுவிட்டு ஊர் திரும்பினோம். "இதுக்கு வீட்லயே ஷவரைத் திறந்துவிட்டு நின்னிருக்கலாம்" என்றார் என் மாமியார். மழைக்காகத்தானே அங்கே போகிறோம், மழை பெய்தால் ஏன் மூடுகிறார்கள்? அருவியை விட்டால் அங்கே வேறு என்ன இருக்கிறது? அடுத்த முறை கூட்டம் குறைவான அக்டோபரில் போகலாமா?

ஒரு வாசகி, தாம்பரம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மாமியாரோடு வாதாட எனக்குத் தைரியம் இல்லை. அதனால் தடையில் இருந்து தொடங்குகிறேன்.

மெயினருவியில் நாம் குளிக்க முடிவதே பாதி வழியில் இருக்கும் பொங்குமாங்கடலால்தான். மேலிருந்து வரும் தண்ணீர் அந்தப் பாறைக் குழியில் விழுந்து, வேகம் அடங்கி, பிறகு வழிந்து நம் தலைக்கு வருகிறது. வரத்து கூடினால் குழியால் தாங்க முடியாது. பாதுகாப்புக்காகக் கட்டிய ஆர்ச் வளைவையும் தாண்டித் தண்ணீர் விழும், கூடவே கல்லும் மரத்துண்டும் வரும். மழை பெய்வது மேலே காட்டில் என்பதால் கீழே வெயில் அடிக்கும்போதுகூட வெள்ளம் வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் அப்படித் திடீரென்று வந்த வெள்ளத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். போலீஸ் விசில் அடித்தால் முணுமுணுக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

சரி, வெளியே வந்த பிறகு என்ன செய்வது? அந்த ஊர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் பதில் கிடைக்கும். மேற்கு மலைத்தொடர் செங்கோட்டைக்கு மேற்கே தாழ்ந்து ஒரு கணவாய் விடுகிறது. கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையில் மிச்சம் மீதி அந்த வழியாக எட்டிப் பார்ப்பதுதான் நம் சாரல். மேற்கே போகப் போக மழை கூடும், கிழக்கே போகப் போக வெளுக்கும். கையில் கார் இருக்கிறவர்கள் இது தெரியாமல் அறையில் முடங்கிக் கிடப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

பிள்ளைகள் காய்ந்த தரையைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தால் தென்காசியைத் தாண்டிக் கிழக்கே சுந்தரபாண்டியபுரம் பக்கம் போங்கள். குற்றாலத்தில் குடை பிடித்துக் கிளம்பியவர்கள் அங்கே வெயிலில் இறங்குவது சீசனில் சாதாரணம். ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூத்திருந்தால் கேரளத்தில் இருந்து வண்டி வண்டியாக வந்து போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். வயலுக்குள் இறங்கிச் செடியை மிதிக்காதீர்கள், அது ஒருவருடைய பிழைப்பு.

மழை வேண்டும், ஆனால் நனையக் கூடாது என்றால் ரயில். என்னைக் கேட்டால் அருவியைவிட இதற்காகவே அந்தப் பக்கம் போகலாம். செங்கோட்டையில் இருந்து புனலூர் வரை 49 கிலோமீட்டர். 1904இல் திறந்த மீட்டர் கேஜ் பாதை, 2010இல் நிறுத்தி, அகலப்பாதையாக மாற்றி, 2018இல் மறுபடி விட்டார்கள். ஏற்றத்துக்காக முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் ஒரு இன்ஜின். பகவதிபுரம் தாண்டியதும் ஒரு நீளமான சுரங்கம். இந்த முனையில் தூறலில் நுழைகிற வண்டி, ஆரியங்காவுப் பக்கம் அடைமழையில் வெளியே வரும். அப்புறம் தென்மலை வரைக்கும் ஜன்னலில் காடுதான். கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று வளைவுகள் கொண்ட ‘பதின்மூன்று கண்ணறைப் பாலத்தின்’ மேல் வண்டி போகும். கருங்கல் தூண்களோடு அந்தப் பாலத்தை முழுசாகப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு தடவை சாலை வழியாகவும் போகவேண்டும், ஏனென்றால் ரயிலில் இருப்பவர்களுக்குப் பள்ளம்தான் தெரியும். பாதி வண்டிகள் இந்த இடத்தை இருட்டில் கடக்கின்றன. பகல் வண்டி எது என்று நேர அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். புனலூரில் இறங்கினால் கல்லடையாற்றின் மேல் 1877இல் கட்டிய தொங்குபாலம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பலாம்.

குற்றாலத்துக்குள்ளேயே ஆயிரக்கணக்கான பேர் குளித்துவிட்டு எட்டிக்கூடப் பார்க்காமல் போகும் ஓர் இடம் சித்திரசபை. குற்றாலநாதர் கோயிலில் இருந்து நடக்கும் தூரத்தில், தெப்பக்குளத்தை ஒட்டி, செப்புத் தகடு வேய்ந்த கூரையோடு தனியாக நிற்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. மற்ற சபைகளில் சிலையாக ஆடுகிறவர் இங்கே சுவரில் ஓவியமாக ஆடுகிறார். சுற்றுச்சுவர் முழுக்க மூலிகைச் சாயத்தில் வரைந்த கதைகள். மெனக்கெட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. மாமியாரை முதலில் இங்கே கூட்டிப்போங்கள். ஒன்று, மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விட வேண்டும்.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலும் பக்கம்தான். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. இந்தக் கோயிலைப் பிற்காலத்தில் காப்பாற்றப் போகிறவர்களின் காலில் இப்போதே விழுகிறேன் என்ற பொருளில் அவன் அங்கே கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறான். அவன் பயந்தபடியேதான் நடந்தது. கோபுரம் சிதைந்து வெகுகாலம் மொட்டையாக நின்று, திரும்பக் கட்டி 1990இல்தான் குடமுழுக்கு நடந்தது. சீசனில் கோபுர வாசலில் அடிக்கிற காற்றில் வேட்டி, சேலை, குடை எல்லாமே ஜாக்கிரதை.

சாப்பாட்டுக்கு செங்கோட்டை பக்கத்தில் இருக்கும் பிரானூர் பார்டர். 1956 வரை செங்கோட்டை திருவாங்கூர்ப் பக்கம் இருந்தது. அந்தப் பழைய எல்லைதான் இந்த பார்டர். எல்லை போய்விட்டது, பரோட்டா நிற்கிறது. சின்னதாக, முறுகலாக, சால்னா ஊற்றித் தருவார்கள். எந்தக் கடை என்று நான் சொல்லமாட்டேன், ஆளுக்கொரு கட்சி இருக்கிறது.

அக்டோபர் வேண்டாம். அப்போது வருவது வடகிழக்குப் பருவமழை. அது சாரல் போட்டு விளையாடாது, ஒரே மூச்சில் கொட்டும், தடையும் அடிக்கடி வரும். கூட்டம்தான் தொந்தரவு என்றால் ஜூலையிலேயே சனி, ஞாயிறு தவிர்த்து செவ்வாய், புதனில் போங்கள். விடியற்காலை நாலு, நாலரை மணிக்கு அருவிக்குக் கிளம்பிவிட்டால் பெண்கள் பக்கமும் கொஞ்சம் ஃப்ரீயாக இருக்கும்.