உபந்நியாசமும் விரிவுரையும்

கேள்வி: மலையாளப் பள்ளியில் படிக்கும் என் மகள் கட்டுரையை உபந்நியாசம் என்கிறாள். எங்கள் ஊர்க் கோயிலிலோ இராமாயணம் சொல்வதற்கு அப்பெயர். எது சரி? கல்லூரி விரிவுரைக்கும் அது பொருந்துமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இரண்டும் சரியே. எடுத்துரைத்தல் என்னும் பொருளுடைய அந்த வடசொல், மலையாளத்தில் கட்டுரையையும் தெலுங்கில் மேடைப் பேச்சையும் இந்தியில் நாவலையும் குறிக்க, தமிழில் பெரும்பாலும் புராண, இதிகாச விளக்கத்தோடு நின்றுவிட்டது. ஆகவே கல்லூரியில் ஒரு பாடத்தை முறைப்படி விளக்குவதை விரிவுரை என்பதே தகும். விரிவுரையாளர் என்னும் பதவிப்பெயரும் அதிலிருந்து வந்ததே. பொதுமக்கள் கேட்கப் பேசுவது சொற்பொழிவு. (எல்லா அரசியல் பேச்சையும் அப்படி அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.) பிரசங்கம் என்றால் தமிழர் பலருக்குத் தேவாலயமே நினைவுக்கு வரும், மலையாளத்திலோ தேர்தல் மேடைப் பேச்சும் பிரசங்கம்தான்.